வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

சினிமாவில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! கதாநாயகி இடுப்பில் குடத்தோடு வருவாள். திடீரென்று தலை சுற்றும். வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள். அடுத்த காட்சியில் வயசான டாக்டர் ஒருவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பயப்படும்படியா ஒண்ணுமில்லே... நீங்க அப்பா ஆகப் போறீங்க!" என்பார். உடனே ஒரு பாட்டு, மாங்காய், தொட்டில்!

இந்தக் காட்சி நம் குடும்பங்களுக்குச் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல என்பது என் கட்சி. வாந்தியும் மயக்கமும் வந்தால்தான் கர்ப்பம். வராவிட்டால் 'உடம்பு சூடு', 'ரத்தம் கம்மி', 'அலைச்சல்' என்று எதையாவது சொல்லி நாளைக் கடத்துகிறோம். அப்படிக் கடத்துகிற நாட்கள்தான் ரொம்ப முக்கியமான நாட்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

என் அக்கா மகள் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கல்யாணமாகி எட்டு மாசம். அந்த மாசம் ஐந்து நாள் தள்ளிப்போனது. ஆசையாக மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் போன் போட்டுச் சொல்லி, கேசரி கிளறி, பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாகிவிட்டது. ஏழாவது நாள் மாதவிலக்கு வந்துவிட்டது! யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனால் அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இரண்டு மாசம் கழித்து மறுபடி நாள் தள்ளியது. பத்து நாள் ஆனதும் மெதுவாக வாயைத் திறந்தாள். "வாந்தி வரட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம். போன தடவை மாதிரி ஆயிடப்போகுது" என்றாராம் மாமியார். அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டிருக்கிறது.

வாந்தி வரவில்லை. காபிப்பொடி நிறத்தில் லேசாக மூன்று நாள் பட்டது. "பார்த்தியா, வந்துடுச்சு" என்று விட்டுவிட்டார்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தாள். கர்ப்பப்பைக்கு வந்து சேரவேண்டிய கரு, வழியில் கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. ஆபரேஷன் செய்து ஒரு பக்கக் குழாயை எடுத்து, நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

அன்றைக்கு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா மாதவிலக்கு ஆன தேதி என்ன?" மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, என் அக்கா, நான் என்று ஐந்து பேர் நின்றிருந்தோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதே வீட்டுச் சமையலறைக் காலண்டரில் கேஸ் வந்த தேதி, பால்காரர் வராத நாள், கரண்ட் பில் கட்டிய தேதி எல்லாம் குறித்திருந்தது!

இத்தனைக்கும் நம் பாட்டிமார்கள் விவரமானவர்கள். கர்ப்பமான பெண்ணை அவர்கள் 'முழுகாம இருக்கா' என்றார்கள். மாதவிலக்கு முடிந்து தலைமுழுக வேண்டிய நாளில் முழுகவில்லை என்பதுதான் அர்த்தம். வாந்தியை வைத்துப் பெயர் சொல்லவில்லை, பாருங்கள்! நாள் கணக்குதான் முதல் அடையாளம் என்பது அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு விலக்கு என்று திண்ணையில் உட்கார வைத்த பழக்கத்தை நான் மெச்சவில்லை. அது ஒழிந்தது நல்லதே. ஆனால் அதோடு சேர்ந்து, நாளை எண்ணுகிற பழக்கமும் பல வீடுகளில் போய்விட்டது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா? 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிலக்கு ஆகிற பெண்ணுக்கு, ஏறக்குறைய 14-வது நாள் கருமுட்டை வெளிவருகிறது. அது கருவானால், அதிலிருந்து ஆறு முதல் பத்து நாளுக்குள் கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்க ஆரம்பித்து, சுமார் இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். சிறுநீர்ப் பரிசோதனையில் தேடுவது இதைத்தான். மாதவிலக்கு வரவேண்டிய நாளில் வராமல் போனதுமே பெரும்பாலோருக்கு இது தெரிந்துவிடும்.

மசக்கை? அது பெரும்பாலும் ஆறாவது வாரம் வாக்கில்தான் தலைகாட்டும். அதாவது, நாள் தள்ளி இரண்டு வாரம் கழித்து. பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு வராமலே போவதும் உண்டு.

அந்த இரண்டு வாரத்துக்குள் உள்ளே என்னென்ன நடந்துவிடுகிறது தெரியுமா? கரு உருவான 22-வது நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. பிற்பாடு மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற நரம்புக்குழல் 28-வது நாளுக்குள் மூடிக்கொள்கிறது. மூட வேண்டியது மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு, மூளை வளராமை என்று பெரிய குறைகளோடு குழந்தை பிறக்கும். 28-வது நாள் என்பது, நாள் தள்ளிச் சரியாக இரண்டு வாரம்! 'வாந்தி வரட்டும்' என்று நாம் காத்திருக்கிற அதே இரண்டு வாரம்.

இந்தக் குறையைப் பெருமளவு தடுக்க முடியும் என்பது 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய பெரிய ஆய்வில் உறுதியானது. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் கொடுத்ததில், மறுபடி அந்தக் குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. மற்றப் பெண்களுக்குச் சாதாரணமாக ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் போதும். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்கிற மாசத்திலேயே டாக்டரிடம் கேட்டு ஆரம்பித்துவிடலாம். மூன்றாம் மாசம் செக்கப்புக்குப் போய் வாங்கிவரும் மாத்திரை ரத்தத்துக்கு நல்லதுதான். முதுகுத்தண்டு விஷயத்தில் அது ரயில் போனபிறகு எடுத்த டிக்கெட்!

இன்னொரு பக்கம், சாப்பிடக்கூடாத மாத்திரைகள். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை மசக்கைக்கும் நல்லது என்று கொடுத்தார்கள். 1961 கடைசியில் அதை நிறுத்துவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டன. கை கால் வளராமல் பிறந்தவை பல. கரு உருவாகி மூன்றாவது வாரக் கடைசியிலிருந்து ஐந்தாவது வாரம் வரை அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் இந்தக் கதி. அந்தச் சமயத்தில் தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்காது.

'அது அந்தக் காலம்' என்பீர்கள். இன்றைக்கும் முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், சிலவகை ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் எல்லாம் கருவுக்கு ஆகாதவை. இவற்றில் ஏதாவது சாப்பிடுகிற பெண் நாள் தள்ளிய உடனே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். (வலிப்பு மாத்திரையைப் பயந்துபோய் நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து.) நம் வீடுகளில் பப்பாளிப் பழத்தை விலக்கி வைப்பதில் காட்டுகிற கவனத்தில் பாதியை மாத்திரை டப்பா மேல் காட்டினால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றும்.

மருந்துக்கடை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கும்பாபிஷேகம் வருகிறது, நாத்தனார் கல்யாணம் வருகிறது என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை. அப்புறம் வராவிட்டால் "வர்றதுக்கு ஒரு மாத்திரை கொடுங்க." சீட்டு கிடையாது, கேள்வி கிடையாது, கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிட்ட மாசம் நாள் கணக்கே குழம்பிவிடும். வரவழைக்கும் மாத்திரையோ, உள்ளே கரு இருந்தால் ஒன்றும் செய்யாது. நான்கு நாள், ஐந்து நாள் என்று இன்னும் தாமதம்தான் மிச்சம். நாள் தள்ளினால் முதலில் பரிசோதனை, அப்புறம்தான் எந்த மாத்திரையும்!

சரி, வாந்தியை விட்டால் வேறு அடையாளமே இல்லையா என்றால், இருக்கிறது. நிறையவே இருக்கிறது. மார்பு கனத்து, ரவிக்கை போடும்போது வலிக்கும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கே கண்ணைச் சொருகும். மலச்சிக்கல், வயிற்று உப்புசம். மூக்கு ரொம்பக் கூர்மையாகிவிடும். தாளிக்கிற வாசனை, பெட்ரோல் வாசனை, ஏன், இத்தனை நாள் பிடித்திருந்த கணவரின் தலை எண்ணெய் வாசனைகூடக் குமட்டும். எனக்கு முதல் குழந்தையின்போது காபி இரும்பு மாதிரி ருசித்தது. டிகாஷன் சரியில்லை என்று ஒரு வாரம் கடைக்காரரிடம் சண்டை போட்டேன்!

சங்கடம் என்னவென்றால், இதில் பாதி, மாதவிலக்கு வருவதற்கு முன்னாலும் வரும். மார்பு வலி, உப்புசம், அசதி எல்லாம் அப்படித்தான். ஆகவே எதுவும் நிச்சயமில்லை. அறிகுறி என்பது காலிங் பெல். கதவைத் திறந்து பார்த்தால்தான் வந்திருப்பது யார் என்று தெரியும்.

திறந்து பார்ப்பது இன்றைக்கு ரொம்பச் சுலபம். மருந்துக்கடையில் நூறு ரூபாய்க்குள் பரிசோதனைப் பட்டை கிடைக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் மூன்று சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் பொறுக்கவேண்டும். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் கர்ப்பம். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அதுவும் கோடுதான். ஒரு கோடும் விழாவிட்டால் பட்டை கெட்டுப்போயிருக்கிறது, வேறு வாங்குங்கள். அட்டையில் சொன்ன நேரம் தாண்டி, மத்தியானம் எடுத்துப் பார்த்து 'கோடு தெரியுதே' என்று குழம்பக்கூடாது. நாள் தள்ளுவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பார்த்தாலும், லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தாலும் இருப்பதை இல்லை என்று காட்டிவிடும். அப்படி இல்லை என்று வந்தும் மாதவிலக்கு வராவிட்டால், மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் இன்னொரு தடவை பாருங்கள்.

இந்தப் பட்டைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் டாக்டர் சிறுநீரை வாங்கி லேபுக்கு அனுப்புவார். முடிவு அவரிடம்தான் வரும். பெண் காத்திருக்க வேண்டும். 1967-ல் நியூஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த மார்கரெட் கிரேன் என்ற இளம் டிசைனர், அந்த லேபைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இதை ஒரு பெண் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே' என்று யோசித்து ஒரு பெட்டி செய்தார். கம்பெனி பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்கு வாடிக்கையாளர்கள் டாக்டர்கள்தானே! அது 1971-ல் கனடாவில் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் வர இன்னும் பல வருஷம் ஆனது. தன் உடம்பைப் பற்றிய சேதி முதலில் தனக்குத் தெரியவேண்டும் என்று ஒரு பெண் நினைத்தது அத்தனை பெரிய குற்றமாகப் பட்டிருக்கிறது.

நம் ஊரில் கம்பெனிக்காரர்கள் தடுக்கவில்லை. வெட்கம்தான் தடுக்கிறது. மருந்துக்கடைக்காரர் மாமனாரின் சிநேகிதராக இருப்பார். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? கணவன்மார்களே, இது உங்கள் வேலை. ஆபீஸ் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் வாங்கி வாருங்கள். வாங்கத் தயக்கமென்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மாசா மாசம் "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். நீங்கள் பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு மாசமும் அது பரீட்சை ரிசல்ட் மாதிரி. 'இல்லேன்னு ஆயிட்டா எல்லார் முகமும் வாடிடுமே' என்ற பயத்தில்தான் பல பெண்கள் நாள் தள்ளியதையே மறைக்கிறார்கள். என் அக்கா மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு என்னிடம் சொன்னாள்: "வலிச்சப்பவே சொல்லியிருப்பேன் சித்தி. மறுபடி எல்லாரையும் ஏமாத்தின மாதிரி ஆயிடுமோன்னு இருந்துட்டேன்." அந்த வலியை அவள் ஏழு நாள் தாங்கியிருக்கிறாள்.

கருக்குழாயில் கரு தங்குவது நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் நடக்கிறது. அபூர்வமே இல்லை. நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, விட்டு விட்டு ரத்தம் படுதல், தோள்பட்டை நுனியில் வலி, எழுந்து நின்றால் கண் இருட்டுதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வழக்கத்தைவிடக் குறைவாக, நிறம் மாறி ரத்தம் பட்டால் அதை மாதவிலக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு ஊசியிலேயே சரியாகிவிடும், குழாயும் தப்பும். ஆறு, ஏழு வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்தால் கரு எங்கே தங்கியிருக்கிறது, இதயம் துடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

நாள் கணக்கு எல்லோருக்கும் உதவாது என்பதும் உண்மை. நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு 40 நாள், 60 நாள் என்று இஷ்டத்துக்கு வரும். அவர்கள் சேர்ந்திருந்து மூன்று வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு, பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே மறுபடி கரு தங்கிவிடலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு எப்போதாவது ஒருவருக்குத் தப்பிவிடுவதுண்டு. அப்படித் தப்பினால் கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்கள் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் 'நிற்கிற வயசு வந்துடுச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் பட்டை வாங்கிப் பார்ப்பதாவது என்ற கூச்சம் வேறு! ஐந்தாவது மாசம் வயிறு அசைந்தபிறகு தெரிந்து அழுவதைவிட அந்தக் கூச்சம் பெரிதில்லை.

வேண்டாத கர்ப்பம் என்றாலும் சீக்கிரம் தெரிவதுதான் நல்லது. 1971-ல் வந்து 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, அதில் சொன்ன காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவு போதும். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும்தான் தேவை. கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரம் வரைதான். அதையும் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். கரு குழாயில் இருக்கும்போது கடையில் வாங்கி விழுங்கினால், ரத்தம் படுவதைப் பார்த்து 'கலைந்துவிட்டது' என்று நினைத்திருப்பீர்கள், உள்ளே குழாய் வெடிக்கக் காத்திருக்கும்.

'மூணு மாசம் முடியட்டும், அதுவரை வெளியே மூச்சு விடாதே' என்பார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. தெரியவந்த கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாசத்தில். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வது கொடுமை. ஊருக்குச் சொல்லவேண்டாம், டாக்டருக்குச் சொல்லுங்கள்! 2018-ல் 18,000 ரூபாயாக உயர்த்திய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில்கூட, முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பெயர் பதியவேண்டும் என்று விதி வைத்தார்கள். உதவித்தொகை தேவைப்படாத வசதியான வீடுகளில்தான் மூன்று மாச ரகசியத்தில் டாக்டரையும் சேர்த்துவிடுகிறோம்.

முதல் தடவை டாக்டரிடம் போகும்போது கடைசி மாதவிலக்கு ஆரம்பித்த தேதியை எழுதி எடுத்துப் போங்கள். முடிந்த தேதி அல்ல, ஆரம்பித்த தேதி. அதிலிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவ நாளைக் குறிப்பார்கள். வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்களோ அத்தனை அட்டையையும், நாட்டு மருந்து, பஸ்பம் எதுவானாலும், ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரக்கும்வரை, முதல் மூன்று மாசம் உங்களுடையதை நம்பித்தான் அது வளர்கிறது. சர்க்கரையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். சென்னை டாக்டர் வி.சேஷய்யா பல வருஷம் வலியுறுத்திய முறைப்படி, குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற அந்தப் பரிசோதனைக்குப் பட்டினியாகப் போகவேண்டியதில்லை. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.